மேஜர் முகுந்த் வரதராஜன்: 31 ஆண்டு வாழ்க்கையும் அதற்குப் பிறகும்

கோல சிலாங்கூர்: 2024ஆம் ஆண்டு தீபாவளி நாளில் திரைக்கு வந்த ‘அமரன்’ திரைப்படம், மலேசியத் தமிழர்கள் பலருக்கு ஓர் இராணுவ அதிகாரியின் பெயரை அறிமுகப்படுத்தியது. சிவகார்த்திகேயன் நடித்த அந்தப் பாத்திரம் கற்பனை அல்ல. மேஜர் முகுந்த் வரதராஜன் என்ற அந்த அதிகாரி சென்னையில் பயிற்சி பெற்று, காஷ்மீரில் பணியாற்றி, 31 வயதில் உயிர் துறந்தவர்.

படம் பார்த்த பிள்ளைகள் வீட்டில் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் நான்குதான். இவர் உண்மையில் யார்? எப்படி அதிகாரி ஆனார்? எப்படி இறந்தார்? நம் நாட்டுப் படையில் இப்படித் தமிழர் யாராவது இருந்தார்களா? பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம் வட்டாரத்துப் பெற்றோரும் மாணவர்களும் ஒரே இடத்தில் படித்துக்கொள்ள ஏதுவாக, அந்த நான்கு கேள்விகளுக்குமான விவரங்கள் இங்கே தரப்படுகின்றன.

சுருக்கக் குறிப்பு

பெயர்: முகுந்த் வரதராஜன்
பிறப்பு: 1983 ஏப்ரல் 12, கோழிக்கோடு, கேரளா
பயிற்சி: அதிகாரிகள் பயிற்சிக் கழகம், சென்னை
படைப்பிரிவு: ராஜபுத்திர ரெஜிமெண்ட், 22ஆவது பட்டாளம்
இறுதியாகப் பணியாற்றிய பிரிவு: 44 ராஷ்ட்ரீய ரைபிள்ஸ்
மறைவு: 2014 ஏப்ரல் 25, ஷோபியான் மாவட்டம், காஷ்மீர்
விருது: அசோக சக்கரம் (மறைவுக்குப் பின்)

இளமையும் கல்வியும்

முகுந்த் பிறந்தது கேரளாவின் கோழிக்கோட்டில். குடும்பம் தமிழ்க் குடும்பம். பெற்றோர் வரதராஜன், கீதா. உடன்பிறந்தவர்கள் இரண்டு சகோதரிகள். குடும்பத்தில் முந்தைய தலைமுறையினர் சிலர் இராணுவத்தில் இருந்தவர்கள் என்பதால், சீருடை அவருக்குப் புதிதாகத் தெரிந்த ஒன்றல்ல.

காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில் உள்ள ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி விசுவ மகாவித்யாலயாவில் வணிகவியல் பட்டம் பெற்றார். பிறகு தாம்பரத்தில் உள்ள சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் இதழியல் பட்டயம் படித்தார். அந்தக் கல்லூரியில்தான் இந்து ரெபேக்கா வர்கீசைச் சந்தித்தார். இந்து கேரளத்தைச் சேர்ந்த மலையாளக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். மொழி வேறு, மதம் வேறு என்ற நிலையில், பல ஆண்டுகள் காத்திருந்து 2009 ஆகஸ்ட் 28 அன்று இருவரும் திருமணம் செய்துகொண்டனர். 2011 மார்ச்சில் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது.

வணிகவியலும் இதழியலும் படித்த ஓர் இளைஞர் இராணுவ அதிகாரி ஆனார் என்பது நம் மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி. அதிகாரியாவதற்குச் சிறு வயதிலேயே இராணுவப் பள்ளியில் சேர்ந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பட்டதாரிகளுக்கென்று தனி வழி இந்தியாவில் இருக்கிறது. முகுந்த் போனது அந்த வழியில்தான்.

பரங்கிமலையிலிருந்து ஷோபியான் வரை

சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சிக் கழகம் 1963இல் தொடங்கப்பட்டது. எழுத்துத் தேர்வு, அதன்பின் பல நாள் நடக்கும் தேர்வு வாரிய நேர்காணல், மருத்துவச் சோதனை ஆகியவற்றைக் கடந்தவர்களே அங்கே நுழைய முடியும். உடற்பயிற்சியும் ஆயுதப் பயிற்சியும் மட்டும் அங்கே கற்றுத்தரப்படுவதில்லை. ஒரு குழுவை வழிநடத்துவது, குறைந்த தகவலை வைத்துக்கொண்டு முடிவெடுப்பது, எடுத்த முடிவுக்குப் பொறுப்பேற்பது ஆகியவையும் பாடங்களே.

அந்தக் கழகத்தின் அணிவகுப்புத் திடல் பரமேஸ்வரன் திடல் என்று அழைக்கப்படுகிறது. மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் மும்பையில் 1946இல் பிறந்த தமிழர். அதே பயிற்சிக் கழகத்தின் மாணவர். மகார் ரெஜிமெண்டில் பணியாற்றிய அவர், 1987 நவம்பர் 25 அன்று யாழ்ப்பாணப் பகுதியில் இந்திய அமைதி காக்கும் படையின் நடவடிக்கையில் கொல்லப்பட்டார். இந்தியாவின் ஆக உயர்ந்த போர்க்கால விருதான பரம்வீர் சக்கரம் அவருக்கு வழங்கப்பட்டது. அந்தப் படையின் காலம் ஈழத் தமிழர் நினைவில் ஆறாத புண்ணாக இருப்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒரே மொழி பேசுவோர் இரு பக்கமும் மடிந்த போர் அது. ஓர் அதிகாரியின் துணிச்சலைப் பேசும்போது, அவர் அனுப்பப்பட்ட போரைப் பற்றிய கேள்விகள் தாமாக மறைந்துவிடுவதில்லை.

முகுந்த் 2006 மார்ச் 18 அன்று லெப்டினண்டாகப் பொறுப்பேற்றார். அவருக்கு ஒதுக்கப்பட்டது ராஜபுத்திர ரெஜிமெண்டின் 22ஆவது பட்டாளம். வட இந்திய வீரர்கள் நிறைந்த ஒரு பிரிவை வழிநடத்தத் தெற்கிலிருந்து ஓர் இளம் அதிகாரி செல்வது இந்திய இராணுவத்தில் வழக்கம்தான். வீரர்களின் மொழியில் பேசி, அவர்களோடு உண்டு, அவர்கள் குடும்ப நிலையை அறிந்து வைத்திருப்பது அத்தகைய அதிகாரியின் அன்றாடக் கடமை. மத்தியப் பிரதேசத்தின் மோவ் நகரிலுள்ள காலாட்படைப் பள்ளியிலும் அவர் பணியாற்றினார். லெபனானில் ஐக்கிய நாடுகள் அமைதி காக்கும் பணியிலும் இடம்பெற்றார்.

2012 டிசம்பரில் அவர் 44 ராஷ்ட்ரீய ரைபிள்சுக்கு மாற்றப்பட்டார். ராஷ்ட்ரீய ரைபிள்ஸ் என்பது ஜம்மு காஷ்மீரில் ஆயுதக் குழுக்களை எதிர்கொள்வதற்காக 1990இல் உருவாக்கப்பட்ட தனிப்படை. வெவ்வேறு ரெஜிமெண்டுகளிலிருந்து அதிகாரிகளும் வீரர்களும் குறிப்பிட்ட காலத்திற்கு அதில் பணியாற்றிவிட்டுத் தாய்ப் பிரிவுக்குத் திரும்புவார்கள். 44ஆவது பிரிவின் பொறுப்பில் இருந்தது தெற்குக் காஷ்மீரின் ஷோபியான் வட்டாரம்.

ஷோபியான் ஆப்பிளுக்குப் பெயர்போன ஊர். நம் வட்டாரத்தில் செம்பனை எப்படியோ அப்படி அங்கே திரும்பிய பக்கமெல்லாம் ஆப்பிள் தோட்டம். அடர்ந்த தோட்டங்கள், நடுவே வீடுகள், பின்னால் மலை. ஆயுதம் ஏந்தியவர்கள் மறைவதற்கு வசதியான இடம் என்பதோடு, தேடுதல் நடக்கும் ஒவ்வொரு முறையும் பொதுமக்களும் நடுவில் மாட்டிக்கொள்ளும் இடம். பல ஆண்டுகளாகச் சோதனைச் சாவடிகளுக்கும் ஆயுதக் குழுக்களுக்கும் இடையில் வாழ்ந்துவரும் மக்கள் அவர்கள்.

2014 ஏப்ரல் 25

இந்திய நாடாளுமன்றத் தேர்தல் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஏப்ரல் 24 அன்று தமிழ்நாட்டின் 39 தொகுதிகளிலும் வாக்குப்பதிவு நடந்தது. அதே நாளில்தான் ஷோபியானை உள்ளடக்கிய அனந்தநாக் தொகுதியிலும் வாக்குப்பதிவு. சென்னையில் மக்கள் விரலில் மையுடன் வீடு திரும்பிய அதே மாலை, ஷோபியானில் பணி முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த தேர்தல் ஊழியர்கள் சுடப்பட்டனர். தேர்தல் அதிகாரி ஒருவர் உயிரிழந்தார்.

மறுநாள், காசிபத்ரி என்ற சிற்றூரில் ஆயுததாரிகள் பதுங்கியிருப்பதாகத் தகவல் கிடைத்தது. மேஜர் முகுந்த் தம் குழுவுடன் அங்கே விரைந்தார். மூன்று ஆயுததாரிகள் ஒரு வீட்டிலும் அதையொட்டிய கட்டடத்திலுமாகப் பதுங்கியிருந்தனர். ஹிஸ்புல் முஜாஹிதீன் அமைப்பின் தளபதிகளுள் ஒருவரான அல்தாப் வானி அவர்களில் ஒருவர்.

குழுவுக்கு முன்னால் நின்று தாக்குதலை நடத்தியவர் முகுந்த். அவரோடு நெருங்கிச் சென்றவர் சிப்பாய் விக்ரம் சிங். நெருக்கமான தொலைவில் நடந்த அந்தச் சண்டையில் விக்ரம் சிங் சுடப்பட்டு வீழ்ந்தார். மூன்று ஆயுததாரிகளும் கொல்லப்பட்டனர். குண்டுக் காயங்களுடன் வெளியே வந்த முகுந்த் சற்று நேரத்தில் நினைவிழந்தார். மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டபோதும் உயிர் தங்கவில்லை. 31ஆவது பிறந்த நாள் கழிந்து 13 நாள்தான் ஆகியிருந்தது. மகளுக்கு அப்போது மூன்று வயது.

உடல் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டது. ஏப்ரல் 28 அன்று பெசன்ட் நகர் மின்மயானத்தில் முழு இராணுவ மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடந்தது. நேரில் அறியாதவர்களும் பெருந்திரளாக வந்து வழியனுப்பினர்.

அசோக சக்கரம்

அசோக சக்கரம் 1952இல் ஏற்படுத்தப்பட்டது. நேரடிப் போர் அல்லாத சூழலில் காட்டும் வீரத்திற்கு இந்தியா வழங்கும் ஆக உயர்ந்த விருது அது. எல்லைப் போரில் பரம்வீர் சக்கரம் எந்த இடத்தில் இருக்கிறதோ, உள்நாட்டு நடவடிக்கைகளில் அசோக சக்கரம் அந்த இடத்தில் இருக்கிறது.

2014 சுதந்திர தினத்தையொட்டி முகுந்துக்கு அந்த விருது அறிவிக்கப்பட்டது. 2015 ஜனவரி 26 அன்று புதுடில்லியில் நடந்த குடியரசு தின அணிவகுப்பில் அதிபர் பிரணாப் முகர்ஜியிடமிருந்து இந்து அதைப் பெற்றுக்கொண்டார். அமெரிக்க அதிபர் பராக் ஒபாமா சிறப்பு விருந்தினராக அமர்ந்திருந்த விழா அது.

பொதுவெளியில் இந்து நடந்துகொண்ட விதம் அப்போதே பலரின் கவனத்தை ஈர்த்தது. நாடு காண வேண்டியது முகுந்த் எப்படிப்பட்ட மனிதர் என்பதைத்தான், தம்முடைய துயரத்தை அல்ல என்ற கருத்தை அவர் தொலைக்காட்சிப் பேட்டியில் வெளியிட்டார். முகுந்தின் கதை இறந்த நாளோடு முடியாமல் தொடர்ந்ததற்கு அந்த உறுதியும் ஒரு காரணம். கணவரின் மரணத்தைப் பற்றிப் பேசுவதைவிட அவர் வாழ்ந்த விதத்தைப் பேச அவர் விரும்பினார்.

திரைப்படமும் விவாதமும்

ராஜ்குமார் பெரியசாமி இயக்கிய ‘அமரன்’, கமல்ஹாசனின் ராஜ்கமல் பிலிம்ஸ் இன்டர்நேஷனல் தயாரித்த படம். முகுந்தாக சிவகார்த்திகேயனும் இந்துவாக சாய் பல்லவியும் நடித்தனர். இசை ஜி.வி. பிரகாஷ் குமார். ஷிவ் அரூர், ராகுல் சிங் இருவரும் எழுதிய ஆங்கில நூல் ஒன்றில் முகுந்தைப் பற்றி வந்த பகுதியே படத்துக்கு அடிப்படை. கதையை இந்துவின் பார்வையில் சொன்னதே படத்தின் தனித்தன்மை. சண்டைக் காட்சிகளைவிட, தொலைபேசி மணிக்காகக் காத்திருக்கும் ஒரு பெண்ணின் நாட்கள் பலர் மனத்தில் நின்றன.

படத்துக்கு வரவேற்பு கிடைத்ததைப் போலவே எதிர்ப்பும் எழுந்தது. காஷ்மீர் மக்களையும் முஸ்லிம்களையும் படம் காட்டிய விதம் சரியல்ல என்று சில அமைப்புகள் போராட்டம் நடத்தின. நெல்லை மேலப்பாளையத்தில் படம் ஓடிய திரையரங்கின் மீது பெட்ரோல் குண்டு வீசப்பட்டது. முகுந்தின் சாதி அடையாளத்தை ஏன் காட்டவில்லை என்று வேறு சிலர் கேட்டனர். அவரைத் தமிழராகவும் இந்தியராகவும் காட்டினால் போதும் என்பதே குடும்பத்தாரின் விருப்பம் என்று இயக்குநர் விளக்கம் அளித்தார்.

இந்த விவாதங்களில் ஓர் உண்மை தெரிகிறது. இறந்த வீரனின் பெயரை ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொள்வது எளிது. கட்சி, சாதி, மதம் என்று எல்லாமே அதற்கு வரிசையில் நிற்கும். தன்னைப் பற்றிப் பேச அவன் இல்லை. எனவே அவனைப் பற்றிய விவரங்களைப் பிசகாமல் வைத்திருப்பதே அவனுக்குச் செய்யும் முதல் மரியாதை.

அந்த விவரங்களுள் ஒன்று சிப்பாய் விக்ரம் சிங்கின் பெயர். படத்தைப் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் நினைவிருக்கும்? ஒரே நாளில், ஒரே வீட்டு வாசலில், ஒரே சண்டையில் இருவரும் வீழ்ந்தனர். அதிகாரியின் பெயர் நாடறிந்தது. அருகில் விழுந்த சிப்பாயின் பெயரைத் தேடித்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

நடுகல் மரபு

போரில் இறந்தவனுக்குக் கல் நடுவது தமிழரின் பழைய வழக்கம். தொல்காப்பியம் அதைப் புறத்திணையில் ஆறு நிலைகளாகப் பிரித்துச் சொல்கிறது. ஏற்ற கல்லைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்கி, நீராட்டி, நட்டு, இறுதியில் வாழ்த்துவதில் அது முடிகிறது. தருமபுரி, திருவண்ணாமலை வட்டாரங்களில் கிடைத்துள்ள நடுகற்களில் வீரனின் பெயர், அவன் யாருடைய ஆள், எந்தப் பூசலில் இறந்தான் என்ற விவரங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஆநிரையைக் காக்கப் போய் இறந்த சாதாரண வீரர்களுக்கும் அப்படிக் கல் உண்டு. மன்னனுக்கு மட்டும் உரிய மரியாதையாக அது இருக்கவில்லை.

கல்லில் பெயரை வெட்டுவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. அடுத்த தலைமுறை அதைப் படிக்க வேண்டும். படிக்கத் தெரிந்தவர் இல்லாத இடத்தில் எழுத்துள்ள கல்லும் வெறும் கல்லாகிவிடும். முகுந்தின் பெயரை ஒரு குடும்பமும், ஒரு நூலும், ஒரு திரைப்படமும் அடுத்தடுத்து ஏந்திச் சென்றன. அப்படி ஏந்திச் செல்ல ஆளில்லாத பெயர்கள் நம் நாட்டிலேயே இருக்கின்றன.

நம் நாட்டில்: கேப்டன் மோகன சந்திரன்

கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன நான்காவது கேள்விக்கு விடை உண்டு. மலேசிய இராணுவத்தின் கமாண்டோ அதிகாரி கேப்டன் மோகன சந்திரன் வேலாயுதன், 1971இல் பேராக் மாநிலக் காட்டில் கம்யூனிஸ்டு ஆயுததாரிகளுடன் நடந்த மோதலில் உயிர் துறந்தார். மறைவுக்குப் பின் அவருக்கு ஸ்ரீ பஹ்லாவான் காகா பெர்காசா விருது வழங்கப்பட்டது.

அந்த விருது 1960இல் ஏற்படுத்தப்பட்டது. வீரச் செயலுக்கு மலேசியா வழங்கும் ஆக உயர்ந்த விருது அதுவே. விருதுகளின் வரிசையில் அதற்கு மேல் எதுவும் இல்லை. டத்தோ, டான்ஸ்ரீ பட்டங்களைப் பற்றி நம்மிடையே எவ்வளவோ பேச்சு இருக்கிறது. அவற்றுக்கெல்லாம் மேலான ஒரு விருதைத் தமிழ் அதிகாரி ஒருவர் உயிரைக் கொடுத்துப் பெற்றிருக்கிறார் என்பதை அறிந்தவர்கள் நம்மில் சிலரே.

அவர் இறந்த காலத்தையும் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டும். 1948இல் தொடங்கிய அவசரகாலம் 1960இல் முடிந்தது என்று பாடநூலில் படிக்கிறோம். ஆயுதப் போராட்டம் 1968இல் மறுபடியும் தலையெடுத்தது. தாய்லாந்து எல்லையிலும் பேராக், பகாங் காடுகளிலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் அது நீடித்தது. 1989 டிசம்பர் 2 அன்று ஹட்யாயில் கையெழுத்தான அமைதி உடன்பாடுதான் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. நகரங்களில் வாழ்க்கை வழக்கம்போல் ஓடிய அந்த ஆண்டுகளில், காட்டுக்குள் படைவீரர்கள் இறந்துகொண்டிருந்தனர்.

காவல்துறையிலும் அப்படி ஒரு பெயர் உண்டு. 2000 ஜூலையில் அல் மவுனா கும்பல் கிரிக் வட்டார இராணுவ முகாம்களில் ஆயுதங்களைக் கொள்ளையடித்து, பேராக், சாவோக்கில் உள்ள புக்கிட் ஜெனாலிக்கில் பதுங்கியது. பிணை பிடிக்கப்பட்டவர்களில் துப்பறியும் கார்ப்பரல் ஆர். சகாதேவனும், இராணுவ வீரர் மேத்யூ அனாக் மெடானும் கொல்லப்பட்டனர். ஒருவர் தமிழர், மற்றவர் சரவாக்கைச் சேர்ந்தவர். இருவரும் ஒரே நாட்டின் சீருடையில் இறந்தனர்.

சீருடை கண்ட மண்

வட சிலாங்கூர் மக்களுக்குச் சீருடை பல முகங்களைக் காட்டியிருக்கிறது. 1942 ஜனவரித் தொடக்கத்தில் ஜப்பானியப் படை கோல சிலாங்கூர் கரை வழியாக நுழைய முயன்றபோது, சிலாங்கூர் ஆற்றையொட்டிய இந்தப் பகுதியில் அதைத் தடுக்க நிறுத்தப்பட்டிருந்தவை பிரிட்டிஷ் இந்தியப் படைப்பிரிவுகள். அன்று பத்தாங் பெர்ஜுந்தை என்ற பெயரில் இருந்த இன்றைய பெஸ்தாரி ஜெயாவைச் சுற்றி மோதல் நடந்தது. சில நாட்களிலேயே அந்தப் படை பின்வாங்கியது.

அதன்பின் வந்த மூன்றரை ஆண்டுகளைத்தான் பெரியவர்கள் ஜப்பான்காரன் காலம் என்பார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம் மரண ரயில் பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். திரும்பி வராதவர்கள் ஏராளம். 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றபோது, பால்மரக் காட்டிலிருந்து இளைஞர்களும், ஜான்சிராணிப் படைக்குப் பெண்களும் திரண்டனர். அதுவரை துரைக்கும் கங்காணிக்கும் கைகட்டி நின்றவர்கள் அணிவகுப்பில் நிமிர்ந்து நின்ற காலம் அது.

சீருடையின் கொடிய முகத்தையும் இந்த வட்டாரம் பார்த்திருக்கிறது. 1948 டிசம்பர் 12 அன்று பத்தாங் காலி அருகே, ஒரு ரப்பர் தோட்டத்தில், ஆயுதம் ஏந்தாத 24 பேரைப் பிரிட்டிஷ் துருப்புகள் சுட்டுக் கொன்றன. இறந்தவர்கள் சீனத் தொழிலாளர்கள். அவர்களின் குடும்பத்தார் நீதி கேட்டு லண்டன் நீதிமன்றம் வரை சென்றனர். கையில் துப்பாக்கி இருப்பவருக்குக் கட்டுப்பாடும் பொறுப்பும் எவ்வளவு முக்கியம் என்பதற்கு பத்தாங் காலியைவிட வேறு பாடம் வேண்டியதில்லை. வீரனைப் போற்றுகிற சமூகம் இதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

படையில் சேர நினைக்கும் மாணவர்களுக்கு

மலேசிய ஆயுதப்படையில் இந்தியர் எண்ணிக்கை மிகக் குறைவு என்பது நாடாளுமன்றத்திலும் பல முறை பேசப்பட்ட விஷயம். சம்பளம், பதவி உயர்வு, குடும்பத்தாரின் தயக்கம் என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. தகவல் சென்று சேராததும் ஒரு காரணம்.

படைவீரராகச் சேர்வதும் அதிகாரியாகச் சேர்வதும் இரண்டு தனி வழிகள் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அதிகாரியாக விரும்புவோருக்குப் பல வாயில்கள் உள்ளன. 1952இல் தொடங்கப்பட்ட அரச இராணுவக் கல்லூரி, இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கான தங்கிப் படிக்கும் பள்ளி. சுங்கை பீசியில் உள்ள மலேசியத் தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பும் இராணுவப் பயிற்சியும் சேர்ந்தே நடக்கும். பட்டம் பெற்றவர்கள் நேரடியாக விண்ணப்பிக்கும் வாய்ப்பும் அவ்வப்போது அறிவிக்கப்படும். வயது வரம்பு, தேர்ச்சி, உயரம், கண்பார்வை ஆகியவற்றுக்கான நிபந்தனைகள் ஒவ்வோர் ஆள்சேர்ப்பிலும் அறிவிக்கப்படுவதால், அந்தந்த ஆண்டின் அதிகாரப்பூர்வ அறிவிப்பைப் பார்ப்பதே நல்லது. இணையத்தில் சுற்றும் பழைய பட்டியல்களை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

ஒரு திரைப்படத்தைப் பார்த்த வேகத்தில் எடுக்க வேண்டிய முடிவு அல்ல இது. படையில் சேர்வது பிள்ளையின் முடிவாக இருந்தாலும் அதன் சுமையைத் தாய் தந்தையரும், பின்னால் வரும் துணையும், குழந்தையும் சேர்ந்தே சுமப்பார்கள். முகுந்தின் வாழ்க்கையில் இதுவும் ஒரு பாடம். திருமணமாகி ஐந்தாம் ஆண்டு நிறைவதற்குள் அந்தக் குடும்பம் அவரை இழந்தது.

பெயர்களைக் காக்க என்ன செய்யலாம்

ஜூலை 31 மலேசியாவின் மாவீரர் நாள். கோலாலம்பூரில் 1966இல் திறக்கப்பட்ட துகு நெகாரா தேசிய நினைவுச் சின்னம், கோல சிலாங்கூரிலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய தொலைவில்தான் இருக்கிறது. பள்ளிச் சுற்றுலாவில் புக்கிட் மெலாவத்தி, மின்மினிப்பூச்சி, நினைவுச் சின்னம் மூன்றையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம். காட்டும்போது கேப்டன் மோகன சந்திரன் வேலாயுதன் யார் என்பதையும் சொல்லலாம்.

நம் தோட்டங்களிலிருந்து இந்திய தேசிய இராணுவத்துக்கும், மலேசிய இராணுவத்துக்கும், காவல்துறைக்கும் போனவர்களின் படங்கள் இன்னும் சில வீடுகளில் மாட்டப்பட்டிருக்கலாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, குடும்பங்கள் தாமான்களுக்குப் பிரிந்து போன பிறகு, அந்தப் படத்தில் இருப்பவர் யார் என்று சொல்லக்கூடியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். படத்தின் பின்பக்கத்தில் பெயர், ஊர், படைப்பிரிவு, ஆண்டு ஆகிய நான்கையும் எழுதி வைக்க ஐந்து நிமிடம் போதும்.

முகுந்த் வரதராஜனின் பெயர் இனி மறக்கப்படாது. அவருக்கு அருகில் வீழ்ந்த விக்ரம் சிங்கின் பெயரையும், நம் நாட்டுக் காட்டில் வீழ்ந்த மோகன சந்திரனின் பெயரையும் அதோடு சேர்த்துச் சொல்வது நம் கையில்தான் இருக்கிறது.